பிளாச்சிமடாவின் பாக்கி

216 கோடியே 26 லட்சம் ரூபாய். பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடாவைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் மக்களுக்கும் கோகோ கோலா ஆலையால் ஏற்பட்ட இழப்பு இவ்வளவு என்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் கணக்குக் கொடுத்தது. குழுவுக்குத் தலைமை வகித்தவர் அப்போது கூடுதல் தலைமைச் செயலராக இருந்த கே. ஜெயகுமார். விவசாய இழப்புக்கு 84 கோடி, கெட்டுப்போன நீராதாரங்களுக்கு 62 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, மிச்சம் குடிநீர்ச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் என்று தலைப்பு வாரியாகப் பிரித்தே எழுதியிருந்தார்கள். அதில் ஒரு ரூபாய்கூட யார் கைக்கும் வந்து சேரவில்லை.

இந்தக் கணக்குக்கு எதிரே இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மாநிலங்கள் எங்கே நிற்கின்றன என்று நிதி ஆயோக் 2024 ஜூலையில் வெளியிட்ட பட்டியலில், உத்தராகண்டுடன் சேர்ந்து கேரளத்துக்கு முதலிடம். நூற்றுக்கு 79 புள்ளி. 2015-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் 16-வது, அமைதியும் நீதியும் நம்பத்தக்க பொது அமைப்புகளும் பற்றியது. அதை நிதி ஆயோக் எப்படி அளந்து வருகிறது? லட்சம் பேருக்கு எத்தனை கொலை, மக்கள்தொகைக்கு எத்தனை நீதிமன்றம், ஊழல் வழக்குகள் எத்தனை, பிறப்புப் பதிவு எத்தனை சதவீதம், ஆதார் எத்தனை பேரிடம் என்று. ஐ.நா.வின் அளவுகோல்களில் ஒன்று கொஞ்சம் நுட்பமானது: கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏதாவதொரு தகராறில் சிக்கியவர்களில் எத்தனை பேர் தீர்வு தேடி ஓர் அமைப்பை அணுக முடிந்தது என்று கேட்கிறது. அணுகியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது அந்தக் கேள்விக்குள் இல்லை. பிளாச்சிமடா மக்கள் அணுகாத அமைப்பே கிடையாது. அந்த அளவுகோலில் அவர்களுக்கு முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.

இலக்குகளை எட்டுவதில் உலகமே பின்தங்கித்தான் இருக்கிறது. சரியான பாதையில் போகிறவை 17 சதவீதம்தான் என்று ஐ.நா.வே 2024 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. போர், பெருந்தொற்று, கடன் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இவை எதுவும் பிளாச்சிமடாவுக்குப் பொருந்தாது. போர் இல்லை, படிப்பும் பத்திரிகையும் தேர்தலும் நீதிமன்றமும் இருக்கின்றன. எல்லாம் இருந்தும் பாக்கி நிற்கிறதென்றால், கோளாறு எந்த இடத்தில் என்று அமைப்பு அமைப்பாக உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் இடம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம், தமிழக எல்லையை ஒட்டிய மழை மறைவுப் பகுதி இது. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே பெய்வதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்தால்தான் இங்குள்ள சித்தூர் வட்டார வயல்கள் பிழைக்கும். குறைந்துபோகும் ஆண்டுகளில் இரு மாநில அதிகாரிகளும் கடிதம் எழுதிக்கொள்வது வாடிக்கை. அப்படிப்பட்ட இடத்தில் சுமார் 34 ஏக்கரில் 2000-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறு போட்டு நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் இறைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றின. வற்றாதவற்றில் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. சுற்றிலும் இரவாளர், மலசர் குடியிருப்புகள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே சமரப் பந்தல் எழுந்தது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கிவைத்தார். இரவாளர் பெண்ணான மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். 2007 ஜனவரியில் அவர் இறந்தபோது ஆலை மூடியிருந்தது, இழப்பீடு என்ற பேச்சு அரசுக் காகிதத்தில் ஏறவே இல்லை.

ஊராட்சியிலிருந்து தொடங்குவோம். ஆலைக்கு உரிமம் கொடுத்ததும் பெருமாட்டி ஊராட்சிதான்; அந்தப் பழியை மறைக்க வேண்டியதில்லை. 2003-ல் அதே ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலை கட்டிய வரியும் கட்டணமும் அதன் வருவாயில் பெரிய பங்கு என்பதால் இந்த மறுப்பு கையிலிருந்த காசை விட்டெறிந்த மறுப்பு. மாநில அரசு உடனே அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அப்போது தலைவராக இருந்த ஏ. கிருஷ்ணனும் உறுப்பினர்களும் அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விடவில்லை, உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று போனார்கள். உலகத்தின் மிகப் பெரிய குளிர்பான நிறுவனத்துக்கு எதிராக ஒரு கிராம ஊராட்சி சொந்தப் பெயரில் தில்லி வரை வழக்காடியதற்கு இணையாக இந்திய உள்ளாட்சி வரலாற்றில் அதிகம் காட்ட முடியாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இந்தப் பெருமை கிடையாது. ஆலைக் கழிவின் கசடை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதை 2003 ஜூலையில் வெளியே கொண்டுவந்தது பி.பி.சி. வானொலி, மாதிரியைச் சோதித்தது இங்கிலாந்தின் எக்ஸெடர் பல்கலைக்கழகம். கசடு விநியோகத்தை நிறுத்தச் சொல்லி வாரியம் உத்தரவிட்டது அதற்குப் பிறகுதான். கசடு கொட்டிய வயலுக்கும் பாலக்காட்டு அலுவலகத்துக்கும் ஒரு பஸ் பயண தூரம். விஷயம் லண்டனைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல என்று அரசின் ஆரம்ப சுகாதார நிலையமே எழுதிக் கொடுத்திருந்தது. கீழ்மட்ட ஊழியர் பார்த்ததை மேல்மட்டம் பார்க்கவில்லை என்பதைவிட, பார்க்க வேண்டிய கட்டாயம் மேல்மட்டத்துக்கு வரவில்லை என்பதே சரி.

நீதிமன்றங்களை எடைபோடுவதுதான் கடினம். இங்கே பிளாச்சிமடா பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தந்த தீர்ப்பைக் கொண்டாடிவிட்டு, 2005 ஏப்ரல் 7 அன்று அதை மாற்றிய இரு நீதிபதிகள் அமர்வைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர், நிலத்தின் சொந்தக்காரர் என்பதற்காக ஒரு நிறுவனம் அளவின்றி உறிஞ்ச முடியாது என்றது முதல் தீர்ப்பு. கொள்கை அளவில் இது பெரிய தாவல். ஆனால் எவ்வளவு எடுத்தால் எந்தக் கிணறு எவ்வளவு வற்றும் என்ற அறிவியல் கணக்கு அதன் கையில் இல்லை. இரண்டாவது அமர்வு அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கியது. கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையம் முன்னின்று நடத்திய ஆய்வு, தட்டுப்பாட்டுக்கு முக்கியக் காரணம் மழைக் குறைவு என்றும், இயல்பான மழை பெய்யும் ஆண்டில் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றும் சொன்னது. நில உரிமையாளரின் தண்ணீர் உரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், வெறும் கொள்கை போதாது என்பது அமர்வின் நிலை. சட்டப்படி இதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

தள்ள வேண்டியது வேறொன்று. அமர்வு கேட்ட கேள்வி ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு? மிஞ்சிய தண்ணீர் எப்படியிருக்கிறது என்பது ஓரத்துக்குப் போனது. மழை மறைவுப் பகுதியில் ‘இயல்பான மழை’யை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டால், மழை பொய்க்கும் ஆண்டின் சுமை யார் தலையில் விழும் என்பதும் கேட்கப்படவில்லை. ஆலைக்கு லாரியில் தண்ணீர் வாங்க வசதியுண்டு. காலனியில் இருப்பவர்கள் குடத்தோடு நடந்தாக வேண்டும். முதல் தீர்ப்பில் நியாயம் இருந்தது, சான்று போதவில்லை. இரண்டாவதில் சான்று இருந்தது, கேள்வி குறுகிவிட்டது.

இந்த முரணைத் தீர்த்திருக்க வேண்டிய இடம் உச்ச நீதிமன்றம். மேல்முறையீடு போனது 2005-ல். 2017 ஜூலை 13 அன்று, பிளாச்சிமடாவில் இனி உற்பத்தி நடத்தப் போவதில்லை என்று நிறுவனம் சொன்னதை ஏற்று வழக்கை முடித்துவைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள். நிலத்தடி நீர் நிலக்காரருடையதா, ஊருடையதா என்ற கேள்வி, எந்த ஊரால் எழுந்ததோ அந்த ஊரின் வழக்கில் பதிலே பெறாமல் போய்விட்டது. பெருமாட்டிக்கு வெற்றி என்று அன்று செய்தித்தாள்கள் எழுதின. வெற்றிதான். ஆனால் இன்னொரு ஊராட்சி நாளை எடுத்துக் காட்டக்கூடிய தீர்ப்பாக அது வாய்க்கவில்லை. மக்களுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் அது இழப்பு.

இனி சட்டமன்றம். 2011 பிப்ரவரி 24 அன்று பிளாச்சிமடாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா கேரளச் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. இடது, வலது இரண்டு முன்னணிகளும் ஒன்றாகக் கை தூக்கிய அரிய நாள். மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குத் தில்லி போனது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-லேயே வந்துவிட்டதே, தனித் தீர்ப்பாயம் எதற்கு என்பதே அங்கே எழுந்த முக்கியமான ஆட்சேபம். மேலோட்டமாகக் கேட்டால் நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு, இழப்பீடு கேட்பவர் காரணம் எழுந்ததிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் வர வேண்டும் என்கிறது; தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். பிளாச்சிமடா ஆலை நின்றது 2004 மார்ச்சில். அந்தச் சட்டம் பிறக்கும் முன்பே அதன் கெடு இவர்களுக்குத் தீர்ந்துவிட்டது. தாளிட்ட கதவைக் காட்டி ‘அதோ வழி இருக்கிறதே’ என்று சொன்ன வாதம் அது. ஏறக்குறைய ஐந்தாண்டு கிடப்பில் கிடந்தபின் மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது.

அதே 2011 பிப்ரவரியில், தென்னமெரிக்காவின் ஈக்வடாரில் லாகோ அக்ரியோ நீதிமன்றம், அமேசான் காட்டை எண்ணெய்க் கழிவால் கெடுத்ததற்காக செவ்ரான் நிறுவனம் பல நூறு கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்கு அந்நாட்டில் சொத்து இல்லாததால் வசூலிக்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பே மோசடியால் பெறப்பட்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2014-ல் சொன்னது. அங்கே சரியோ தவறோ வாதம் நடந்தது, ஒரு முடிவு வந்தது, அதன்மேல் மறுவாதமும் நடந்தது. பிளாச்சிமடாவுக்கு வாதம் நடக்கும் கூடமே கட்டப்படவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கூடம் நிறுவனத்துக்கும் தேவை என்பது. குழுவின் கணக்கு நிரூபிக்கப்படாத அனுமானம் என்பது நிறுவனத்தின் வாதம். 216 கோடி என்பது நீதிமன்றம் விதித்த தொகையல்ல, ஒரு குழுவின் மதிப்பீடுதான் என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் அதை உடைத்துக் காட்டவும் தீர்ப்பாயம்தான் இடம். குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒருசேரக் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை ஒரு தரப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தில்லி மறுத்ததும் திருவனந்தபுரத்தின் கை கட்டப்பட்டுவிட்டதா? இல்லை. மாநில அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களோடு நிறுத்தி மசோதாவைத் திருத்தி மறுபடி நிறைவேற்றியிருக்கலாம். அரசே ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்க வழக்குப் போட்டிருக்கலாம். 2011-க்குப் பிறகு இரண்டு முன்னணிகளும் ஆண்டுவிட்டன. 2021-ல் மூடிய ஆலை கோவிட் சிகிச்சை மையமானது. 2023-ல் நிலத்தையும் கட்டடத்தையும் அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. நிலம் கைமாறுவதற்குக் கோப்பு வேகமாக நகர்ந்தது. இழப்பீட்டுக் கோப்புக்கு அந்த வேகம் ஒருநாளும் வந்ததில்லை. சட்டமன்றத்தின் ஒருமனதை நான் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்: செலவு யாருக்கும் இல்லாதபோது ஒருமனது எளிது.

கேரளத்தின் அமைப்புகள் ‘நிறுத்து’ என்று சொல்வதில் வல்லவை, ‘கொடு’ என்று முடிப்பதில் அல்ல என்று இதிலிருந்து சொல்லலாமா? அதற்கு முன் அதே மாவட்டத்தின் வேறொரு வழக்கு நம்மை நிதானிக்க வைக்கிறது. 2018 பிப்ரவரி 22, அட்டப்பாடி முக்காலி. அரிசியும் மளிகையும் திருடினார் என்று சொல்லி, மனநலம் குன்றிய ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து அடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் போகும்போது உயிர் போனது. விசாரணை தொடங்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. அரசு வழக்கறிஞர்கள் வருவதும் விலகுவதுமாக இருந்தார்கள். எங்கே உங்கள் வக்கீல் என்று நீதிமன்றமே கேட்கும் நிலை. பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். வீடியோவில் எதுவும் தெரியவில்லை என்று சொன்ன ஒரு சாட்சிக்குக் கண் பரிசோதனை செய்யச் சொன்னது மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம். பார்வையில் கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. சாட்சிகளைக் கலைத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜாமீனை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல்.

இது ‘முடித்த’ நிறுவனம். கொலைக் குற்றமாக அல்லாமல் கொலையாகாத மரணமாக முடிந்தது என்ற மனக்குறை குடும்பத்துக்கு உண்டு. அந்தக் குறை நியாயமானதே. இருந்தும், சாட்சிகள் கரைந்துபோன ஒரு வழக்கை ஒரு தாலுகா ஊரின் நீதிமன்றம் விடாப்பிடியாக நிமிர்த்தியது. காரணம் எளிது: அந்த நீதிபதிக்கு முன்னால் பெயர் சொல்லக்கூடிய குற்றவாளிகள் இருந்தார்கள், முடிவுசெய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, தள்ளிவிட வேறு மேசை இல்லை. பிளாச்சிமடாவில் ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது.

இடுக்கியில் வேறொரு முகம். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸை 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. பொம்பிளை ஒருமை என்று தாங்களே ஒன்றுகூடி, ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். அமைதி என்பதை இந்த எல்லையோரத்தில் காத்துவந்தது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களே என்பதற்கு சமரப் பந்தலும் மூணாறும் இரண்டு சான்று. அந்தப் பெண்களுக்காகப் பேச வேண்டிய நிறுவனமான தொழிற்சங்கம்தான் அன்று தோற்றது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. 70 பேர். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. மறுநாள் இரவு கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதல்வர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு ஒரு வாரம் கழித்து. மழையும் பாதையும் காரணம் என்று சொல்லப்பட்டது. பயணத் தாமதத்துக்கு அதை ஏற்கலாம். தொகை பாதியானதற்கு மழை காரணமாக முடியாது. பின்னர் குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ், கன்னட சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. எழுத உரிமை கொடுத்த அரசு, எழுதியவர்களைச் சமமாக எண்ணியதா என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது.

என் முடிவு இது. இந்த எல்லையோரத்தில் நம்பத்தக்க அமைப்புகள் இருக்கின்றன: பெருமாட்டி ஊராட்சியும் மண்ணார்க்காடு நீதிமன்றமும். இரண்டும் கீழ்மட்டம். இரண்டுக்கும் முடிவின் விளைவு கண்ணெதிரே இருந்தது. ஊராட்சிக்கு அதில் நட்டமும் இருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் பாதி மதிப்பெண். உச்ச நீதிமன்றம் கேள்வியைத் தவிர்த்தது. மாசு வாரியமும் தில்லியும் தேறவில்லை. கேரள அரசு, எந்த முன்னணி ஆண்டாலும், பிளாச்சிமடாவில் தேறவில்லை; பட்டியலில் 79 வாங்கியது இதை மாற்றாது. 16-வது இலக்கை உண்மையிலேயே அளக்க விரும்புகிறவர்கள் நீதிமன்றங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், அறிவிக்கப்பட்ட இழப்பீடுகளில் எத்தனை, எத்தனை ஆண்டில், யார் கையில் சேர்ந்தன என்ற ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கட்டும். தரவரிசை தலைகீழாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவலைப்பட வேண்டியது, தேறிய அமைப்புக்கு என்ன ஆயிற்று என்பதுதான். 2018-ல் கேரளம் கொண்டுவந்த முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், தொழில்களுக்கு அனுமதி வேகமாகக் கிடைக்கவென்று ஊராட்சிச் சட்டத்தையும் திருத்தியது. 2025 ஜனவரியில் அதே பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், எலப்புள்ளியில், எத்தனால் ஆலையும் மது ஆலையும் சேர்ந்த 600 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. மழைநீரைச் சேமித்து எடுத்துக்கொள்வோம், நிலத்தடி நீரைத் தொடமாட்டோம் என்று வாக்குறுதி. எலப்புள்ளி ஊராட்சி, எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றது.